என் தைராய்டு நிர்ணயித்த டார்கெட்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவோடு ஓசூருக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரில்லிங் மெஷினில் நிறுத்தினார்கள். உள்ளங்கை அளவுள்ள ஓர் அலுமினிய வார்ப்பை எடுத்து, மெஷினில் அதற்கென்று இருக்கும் பிடிக்குள் வைத்து, இறுக்கி, லீவரை இழுத்து இரண்டு துளை போட்டு, கழற்றி, துளையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை அரத்தால் நீவி, அளவு சரிபார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஏழு வருடம் அதையே செய்தேன். அந்த ஏழு வருடமும் சூப்பர்வைசர் என்னைப் பாராட்டியதும் இல்லை, திட்டியதும் இல்லை. நான் ஒருவன் அங்கே நிற்பது அவருக்குத் தெரியுமா என்றுகூடச் சில சமயம் சந்தேகமாக இருக்கும்.

எட்டாவது வருடம் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அப்போதுதான் அவர் என்னைக் கவனித்தார்.

உடம்பு சரியில்லை என்பது எனக்கே தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. டிசம்பர் மாதத்து ஓசூரில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். நான் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டு நிற்பேன். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் என் மனைவி கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்திருப்பாள்; நான் எழுந்துபோய் மின்விசிறியைப் போடுவேன். அவள் அணைப்பாள். நான் மறுபடி போடுவேன். கடைசியில் நான் சமையலறைத் தரையில் வெறும் சிமெண்டில் படுக்கத் தொடங்கினேன்.

பசியும் அப்படித்தான். ஆறு இட்லி தின்று பஸ் ஏறினால் கம்பெனி கேட்டில் இறங்கும்போது மறுபடி பசிக்கும். கேன்டீனில் மூன்றாம் முறை சோறு வாங்கப் போனால் பரிமாறுகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார். இவ்வளவு தின்றும் இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டேன். துளை போடுவதுதானே என் தொழில்.

வேகம் மட்டும் வந்துவிட்டது. உள்ளே யாரோ சாவி கொடுத்துவிட்டதுபோல ஒரு வேகம். கைகள் சும்மா இருந்தால் விரல்கள் நடுங்கின. வேலை செய்துகொண்டிருந்தால் அந்த நடுக்கம் தெரியவில்லை. அதனால் கைகளை நிறுத்தவே எனக்குப் பிடிக்கவில்லை. டீ இடைவேளையில் எல்லோரும் போனபிறகும் நான் மெஷினிலேயே நின்றேன். முன்பு மூன்று தட்டு நிரப்பிய நேரத்தில் இப்போது நான்கு தட்டு நிரம்பியது.

சூப்பர்வைசர் என் தோளில் தட்டி, "இத்தன வருசமா இந்தத் திறமையை எங்கய்யா வச்சிருந்த?" என்றார்.

எனக்கும் அது தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. கேன்டீன் அறிவிப்புப் பலகையில் அந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று என் புகைப்படத்தை ஒட்டினார்கள். கண்கள் கொஞ்சம் பிதுங்கி, கன்னம் ஒட்டி, யாரோ துரத்துவதுபோல் முழித்துக்கொண்டிருக்கும் முகம். ஒரு டாக்டர் அந்தப் பலகையைப் பார்த்திருந்தால் அங்கேயே என் நோயைச் சொல்லியிருப்பார். டாக்டர்கள் எங்கள் கேன்டீன் பக்கம் வருவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நின்று நேரம் பார்த்து, அதை வைத்து எல்லோருக்கும் டார்கெட் போடுவார்கள். அதற்கு டைம் ஸ்டடி என்று பெயர். எங்கள் வரிசையில் எந்த ஆளை எடுப்பது என்று சூப்பர்வைசருக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்ஜினியர் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி அழுத்தி எழுதினார். யாராவது பக்கத்தில் நின்றாலே அப்போதெல்லாம் என் நெஞ்சு தடதடவென்று அடிக்கும். இதயம் ஓடிய வேகத்துக்குக் கைகளும் ஓடின.

அடுத்த மாதம் முதல் புது டார்கெட் வந்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் மூன்று தட்டுக்குப் பதில் நான்கு தட்டு நிரப்ப வேண்டும்.

பக்கத்து மெஷினில் நின்றவன் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று மூன்றையும் ஒரே நாளில் பேசுகிறவன். என்னைவிட இரண்டு வயது இளையவன்; சேர்ந்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஊரிலிருந்து தக்காளி வந்தால் ஒரு பை எங்கள் வீட்டுக்கும் வரும். புது டார்கெட் ஒட்டிய அன்று அவன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னா சார், நல்லாக் கீறீங்களா?"

"என்னடா புதுசா சார்ங்கற?"

"பின்ன? எங்களுக்கெல்லாம் டார்கெட்டே நீங்கதான போட்டுக் குடுத்துக்கீறீங்க. ஆபீசர ஆபீசர்னுதான கூப்புடணும்."

அன்றிலிருந்து தக்காளி நின்றுபோனது. கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

நான் மெலிந்துகொண்டே போனதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஒருவர் சர்க்கரை என்றார். ஒருவர் டி.பி. என்றார். மாடியில் இருந்த வீட்டு உரிமையாளர் கன்னடம் பேசுகிறவர், மரியாதையான மனிதர். அவர் மட்டும் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், ஒருநாள் என் மனைவியிடம், "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக் காமிச்சிடுங்கம்மா. மாடியில சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றாராம். அந்த நாட்களில் ஓர் ஆள் காரணமில்லாமல் இளைத்தால் ஊர் எய்ட்ஸைத்தான் நினைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் சோறு போடும்போது என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, ஒரு தடவ டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோமா?"

"எனக்கென்ன? கம்பெனியிலயே நான்தான் முதல் ஆளு."

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

என்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை அப்போது நான் ஒரு குறையாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகாததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பாராட்டு வாங்குகிற ஒருவன் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பக்ரீத் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் குடும்பம் இருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் நான் சாப்பிட்டதை பாயின் மனைவி பிறகு பல வருடம் சொல்லிக்காட்டினார். பிரியாணியைத் தட்டு தட்டாக வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு இனிப்பு. பிறகு, மிச்சம் இருக்கிறதே என்று மறுபடியும் பிரியாணி. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மாலையில் விழிப்பு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். கால்கள் வரவில்லை.

மரத்துப்போனது போலவும் இல்லை. தொட்டால் தெரிகிறது. ஆனால் தூக்கு என்று நினைத்தால் தூக்கவில்லை. தொடைகள் இரண்டும் யாருடையவோபோலக் கிடந்தன. கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்த முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்து, என் காலைப் பிடித்து மடக்கி நிறுத்தினாள். அது அப்படியே சரிந்து விழுந்தது. அவள் கத்தவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாய் வீட்டுக்கு ஓடினாள்.

பாயும் அவருடைய தம்பியும் என்னை ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பக்கவாதம் என்றார்கள். பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். கூட்டத்தில் ஒரு குரல், "பிரியாணியில ஏதோ" என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டது. பாயின் முகம் வெளுத்துப்போனதை ஆட்டோவுக்குள் கிடந்தபடியே பார்த்தேன். பயத்தில் நான் வியர்த்ததைவிட அவர் அதிகம் வியர்த்தார்.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பணியில் இருந்த டாக்டர் இளம் வயதுக்காரர். இதயத்தைப் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அதை ஏற்றத் தொடங்கினார். பிறகு என் கட்டிலருகே உட்கார்ந்து, படுத்திருக்கும் எனக்கு நாடி ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று யோசித்தார். என் விரல்களை நீட்டச் சொல்லி அவற்றின்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. கழுத்தைத் தடவினார். எச்சில் விழுங்கச் சொன்னார்.

"சார், சமீபத்துல ரொம்ப இளைச்சீங்களா?"

"ஆமா."

"பசி?"

என் மனைவியும் பாயும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள்.

"தைராய்டு ஜாஸ்தியா இருக்கும்னு நினைக்கறேன்" என்றார். "அது ஜாஸ்தியான சில ஆம்பளைங்களுக்கு, நிறைய சோறு, ஸ்வீட்னு சாப்பிட்டுப் படுத்தா பொட்டாசியம் ரத்தத்த விட்டு தசைக்குள்ள போயிடும். கைகால் நின்னுடும். ஏத்தினா சரியாயிடும். ஆனா தைராய்ட குணப்படுத்தலன்னா மறுபடி வரும்."

பாய் முன்னால் வந்தார். "டாக்டர், எங்க வூட்டு பிரியாணி மேல தப்பு இல்லதானே?"

"பிரியாணி மேல தப்பில்ல. எவ்வளவு சாப்பிட்டார்ங்கறதுலதான்."

"அத கொஞ்சம் வெளிய வந்து சத்தமா சொல்லுங்க, டாக்டர். எங்க தெருவே வந்து நிக்குது."

விடிந்தபோது நான் எழுந்து கழிப்பறைக்கு நடந்து போனேன். வாசலில் காத்திருந்த பாயின் தம்பி, முந்தின மாலை தூக்கிவந்த ஆள் நடந்து வருவதைப் பார்த்து, சந்தோஷப்படுவதா, தூக்கி வந்த வலிக்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

தைராய்டு டாக்டர் பெங்களூரிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் ஓசூருக்கு வருகிறவர். காத்திருக்கும் அறை முழுக்கப் பெண்கள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து அவள் கையைப் பிடித்து எடை பார்க்கும் மெஷினில் ஏற்றிவிட்டார். "நான் இல்லைங்க, அவருதான்" என்று அவள் சொன்னதும் அறையில் இருந்த எல்லாப் பெண்களும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "ஆம்பளைக்கும் வருதா இது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு மருந்துக் கடையிலும், ரத்தப் பரிசோதனை நிலையத்திலும், என் சொந்த மாமனாரின் வாயிலிருந்தும் கேட்க நேர்ந்தது.

டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் பேசினார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடியே விளக்கினார்.

"உங்க கழுத்துல ஒரு ஃபேக்டரி இருக்கு. உடம்பு எவ்வளவு ஸ்பீடா ஓடணும்னு சொல்ற சரக்கு அங்கதான் தயாராகுது. இப்ப உங்க ரத்தத்துல இருக்கற சில தப்பான ஆளுங்க அந்த ஃபேக்டரிய நிறுத்தவே விடாம ஓட்டறாங்க. மூணு ஷிஃப்ட், லீவே இல்ல."

"மாத்திரை சாப்ட்டா நின்னுடுமா மேடம்?"

"கார்பிமசோல்னு ஒண்ணு தர்றேன். அது புது சரக்கு தயாராகறத நிறுத்தும். ஆனா குடோன்ல பழைய சரக்கு இருக்குல்ல? அது தீர்றதுக்கு வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் நெஞ்சு படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் இன்னொரு மாத்திரை. வயிறு முட்ட சோறு, ஸ்வீட் கூடாது."

எழுந்து வரும்போது மறுபடி உட்காரச் சொன்னார். குரல் மாறியிருந்தது.

"இத மட்டும் மறக்கக் கூடாது. இந்த மாத்திரை ரொம்ப அபூர்வமா சில பேருக்கு ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவ குறைச்சிடும். அப்ப கிருமியோட சண்டை போட உடம்புல ஆள் இருக்காது. தொண்டை வலி, காய்ச்சல் வந்தா, சாதாரண சளின்னு நெனச்சு வீட்ல இருக்காதீங்க. மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அன்னிக்கே."

நான் தலையாட்டினேன். என் மனைவி அதை மூன்று முறை முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

மாத்திரைகள் வேலை செய்தன. முதலில் கை நடுக்கம் போனது. பிறகு ஒரு நாள் காலையில் எனக்குக் குளிர்ந்தது. பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அடங்கி, காதில் வெளிச் சத்தங்கள் கேட்டன. எதிர்த் தெருவில் மாடுகள் கத்துவதும் டவுன் பஸ் கிளம்புவதும் எனக்குப் புதிதாக இருந்தன. எடை கூடியது. சமையலறையிலிருந்து கட்டிலுக்குத் திரும்பினேன். கேன்டீன் பலகையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்து யார் இந்த ஆள் என்று கேட்கும் அளவுக்கு முகம் தேறிவிட்டது.

கூடவே என் தட்டுகள் குறைந்தன. நான்கு மூன்றரையானது. மூன்றரை மூன்றானது. நான் எவ்வளவு முயன்றும் அதற்குமேல் போகவில்லை. ஏழு வருடம் நான் எந்த வேகத்தில் வேலை செய்தேனோ அந்த வேகத்துக்குத் திரும்பியிருந்தேன். நான் குணமாகிவிட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி.

சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். "என்னய்யா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"இப்பதான் சார் சரியாச்சு."

"சரியானவன் வேலை செய்யற மாதிரியா இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் என் கழுத்தைப் பார்த்தார். பேரிகைக்காரன் தன் மெஷினில் நின்றபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். டீ இடைவேளையில் பல வாரங்களுக்குப் பிறகு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"அப்ப அந்த டார்கெட்டு நீ போட்டது இல்லியா? ஒன் நோவு போட்டதா?"

"அப்படித்தான் ஆகுது."

டீயை ஆற்றிக்கொண்டே, "இது யூனியன்ல சொல்லோணும்" என்றான்.

யூனியன் செயலாளருக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. நோயாளியை வைத்து நேரம் கணக்கிட்டது செல்லாது என்று மேனேஜரிடம் பேச என்னையும் அழைத்துப்போனார். மேனேஜரின் அறையில் ஸ்டாப்வாட்ச் இன்ஜினியரும் இருந்தார். செயலாளர் ஆவேசமாகப் பேசி முடித்தார். மேனேஜர் அமைதியாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருந்தது."

"ஆமா சார்."

"அவ்வளவு மோசமா இருந்தும் நாலு தட்டு போட்டீங்க."

"ஆமா சார்."

"ஒரு நோயாளியாலயே நாலு முடியும்னா, ஆரோக்கியமா இருக்கறவங்களால அதுக்கு மேலயே முடியணுமே?"

இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்தார். நான் கழுத்து ஃபேக்டரியையும் குடோனையும் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் அது எனக்கே நம்பும்படியாக இல்லாமல் போய் நிறுத்திக்கொண்டேன். வெளியே வந்ததும் செயலாளர் என்மேல்தான் கோபித்துக்கொண்டார். "நீங்க உடம்பு மோசமா இருந்துச்சுன்னு சொல்லாம, கோளாறா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கணும்" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் எங்கள் வரிசையில் மற்றவர்கள் நான்கு தட்டை எட்டுவதற்காகப் பிசிர் நீவுவதை விட்டுவிட்டிருந்தார்கள். பிசிரோடு போன பீஸ்களை வாங்கிய கம்பெனி பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியது. என் தைராய்டு செய்யாத வாதத்தை அந்தப் பெட்டிகள் செய்தன. மறுபடி நேரம் கணக்கிடுவது என்று முடிவானது. ஒப்பிடுவதற்கு வசதியாக அதே மெஷின், அதே வேலை, அதே ஆள் என்றார் இன்ஜினியர்.

என் வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான் என்மேல் அத்தனை பேர் அக்கறை காட்டினார்கள். கேன்டீனில் என் மேசையில் இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அவசரப்படாதே. தக்காளி மறுபடி வந்தது.

குறித்த நாளன்று காலையில் எழுந்தபோது எச்சில் விழுங்க முடியவில்லை. தொண்டையில் முள் வைத்ததுபோல வலி. நெற்றியில் கை வைத்த மனைவி கையை எடுத்துக்கொண்டாள். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது அப்படியே வெளியே வந்தது. "மாத்திரை கூடாது. அன்னிக்கே டெஸ்ட்."

"கம்பெனிக்குப் போய்ச் சொல்லிட்டுப் போயிடறேன்" என்று கிளம்பினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கம்பெனியில் என் முகத்தைப் பார்த்ததும் வரிசைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் என் தோளில் கை வைத்து, "நல்லதாப் போச்சுப்பா. காய்ச்சலோட நின்னா இன்னும் மெதுவாத்தான் வரும். ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சுக்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல மாதமாக ஓடி ஓடிக் களைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு கணம் நின்றுவிடலாம் என்றுதான் தோன்றியது.

பேரிகைக்காரன் தட்டைக் கீழே வைத்தான். "இன்னா காய்ச்சல் இது? அந்த டாக்டரம்மா சொல்லிச்சே, அதா?"

தலையாட்டினேன்.

"வண்டில ஏறு."

"இன்னிக்கு ஸ்டடி..."

"ஸ்டடி நாளைக்கிம் வரும். ஏறுண்ணா."

அவன் மோட்டார்சைக்கிளில் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். வழியில் ஒரு கிளினிக்கில் நிறுத்தினோம். அங்கிருந்த டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, சீசன் காய்ச்சல்தான், டெஸ்ட் எல்லாம் வேண்டாம் என்று மாத்திரை எழுதினார். நான் சாப்பிடும் மருந்தின் பெயரைச் சொன்னதும் எழுதிய கை நின்றது. "அப்ப எடுத்துடுங்க" என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. நோய் உடம்பை எரித்துக்கொண்டிருந்தபோது பாராட்டு வாங்கினேன். இப்போது குணமாக்கிய மருந்தே கொன்றுவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையின் முகம் வந்து வந்து போனது. பேரிகைக்காரன் இரண்டு முறை எழுந்துபோய் கவுன்டரில் தெலுங்கில் ஒரு முறையும் கன்னடத்தில் ஒரு முறையும் விசாரித்துவிட்டு வந்தான்.

முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் சரியாகவே இருந்தன. சாதாரணத் தொண்டைப் புண்தான். போனில் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "நல்லா செஞ்சீங்க. மாத்திரைய மறுபடி ஆரம்பிங்க" என்றார். பேரிகைக்காரன் வண்டியை உதைத்துக்கொண்டே, "சரியாவே கீதுன்னா, அப்ப ஸ்டடிக்கே நின்னிருக்கலாம்" என்றான். பிறகு சிரித்தான்.

அடுத்த வாரம் நேரம் பார்த்தார்கள். நான் என் இயல்பான வேகத்தில் வேலை செய்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச் சொடுக்கியது. நெஞ்சு அதைப் பொருட்படுத்தவில்லை. வரிசை முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு மூன்று என்றது; பேரம் பேசி டார்கெட் மூன்றரைத் தட்டு என்று ஆனது. மேனேஜர் அது தாராளம் என்றார், செயலாளர் அது வெற்றி என்றார். என் புகைப்படத்தின்மேல் கேன்டீன் விலைப்பட்டியலை ஒட்டிவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் போல மாத்திரை சாப்பிட்ட பிறகு டாக்டரம்மா நிறுத்திப் பார்த்தார். பாதிப் பேருக்குத் திரும்ப வரலாம் என்று சொல்லியிருந்தார். சில மாதம் நன்றாக இருந்தேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பழைய ஃபார்முக்கு வந்துட்ட" என்றார். அன்று மாலையே நேராகப் போய் ரத்தம் கொடுத்தேன். தைராய்டு ஏறியிருந்தது.

இந்த முறை மாத்திரை வேண்டாம், கதிரியக்க அயோடின் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வேளை. ஒரு மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அது சுரப்பியில் போய்த் தங்கி அதன் ஆட்டத்தை அடக்கும். ஆனால் சில நாட்களுக்குக் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கக் கூடாது. தனியாகப் படுக்க வேண்டும். நெரிசலில் பயணம் செய்யக் கூடாது. பெங்களூர் ஓசூர் பஸ்ஸில் நெரிசலைத் தவிர்ப்பது எப்படி என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாத்திரையை விழுங்கிய அன்று பேரிகைக்காரன் சித்தப்பாவின் தக்காளி வேனோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். காலிக் கூடைகளோடு பின்னால் உட்கார்ந்து நான் பேரிகை போய்ச் சேர்ந்தேன். அவர்கள் தோட்டத்தில் மோட்டார் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே தங்கினேன். அவன் அம்மா தட்டை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்று, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தெலுங்கில் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். பெரும்பாலும் என் மனைவி எப்படிச் சமைப்பாள் என்பதைப் பற்றி. தினம் மாலையில் மனைவி பாய் கடை போனிலிருந்து கூப்பிட்டு, பிள்ளையின் காதில் போனை வைப்பாள். பிள்ளை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். வேலைக்குப் போகாமல், யாரும் என்னைப் பார்க்காமல், எதையும் எண்ணாமல் நான் இருந்த நாட்கள் அவை. தக்காளிச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அயோடின் தன் வேலையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டது. சில மாதங்களில் சுரப்பி கிட்டத்தட்ட ஓய்ந்துபோனது. இப்போது உடம்பில் சரக்கு குறைவு. கன்னம் உப்பியது, பட்டப்பகலில் தூக்கம் வந்தது. இதை எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டரம்மா. தைராக்சின் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று எழுதினார். முன்பு குறைக்க மாத்திரை சாப்பிட்டேன், இனி கூட்டுவதற்கு.

அளவைச் சரிசெய்யப் போன ஒரு தடவை அவர் கேட்டார். "இப்ப எப்படி இருக்கு? சோர்வு போயிடுச்சா?"

எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "கொஞ்சம் கூட்டிக் குடுங்க மேடம். ஞாயித்துக்கிழம மட்டுமாவது வீட்டு வேலைக்கு ஆகட்டும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அதே அளவை எழுதினார்.

இப்போது நான் வந்திறங்கும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஸ்டாப்வாட்ச் வராது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காபி குடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கும் வாசனை வரும். மகள் பள்ளிக்கூட ஷூவில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பாள்.